190×45 அளவில் எடை குறைந்த பின்பக்க ஷாக், எதை எடுக்கலாம்?

செம்மண்_சக்கரம் (கோலாலம்பூர்)

வணக்கம். சைக்கிளின் பின்பக்க ஷாக்கை மாற்றப் போகிறேன். எடை குறைந்ததாக வேண்டும் என்பது முடிவு, எது என்பதில்தான் குழப்பம். விவரத்தையெல்லாம் கொட்டிவிடுகிறேன், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

29 இன்ச் சக்கரம், அலுமினியச் சட்டம், முன்னால் 130 மி.மீ., பின்னால் 120 மி.மீ. டிராவல் (சக்கரம் மேலே அசையும் தூரம்). ஷாக் அளவு 190×45, இரண்டு முனையிலும் போல்ட் போகும் சாதாரணக் கண்தான், பக்கவாட்டில் போல்ட் பூட்டும் ட்ரன்னியன் வகை இல்லை. இப்போது இருப்பது பிக்கிபேக் ஏர் ஷாக், அதாவது பக்கத்தில் தனிக் குடுவை வைத்தது, சைக்கிளை எனக்கு விற்றவர் போட்டது. கழற்றித் தராசில் வைத்தேன், புஷ்ஷோடு (கண்ணுக்குள் உட்காரும் சின்ன உருளை) சேர்த்து 490 கிராம் காட்டுகிறது. தனிக் குடுவை இல்லாத இன்லைன் ஷாக்குகள் 250, 300 கிராமில் கிடைக்கின்றன என்று படிக்கும்போது மனசு கேட்க மாட்டேன் என்கிறது.

நான் 84 கிலோ. ஹெல்மெட், ஷூ, தண்ணீர்ப் பை சேர்த்தால் 88. வார இறுதிக் காலையில் புக்கிட் கியாரா, மழை அதிகம் இல்லாத வாரத்தில் கோத்தா டாமன்சாரா வனப் பூங்கா. கியாராவில் ஓட்டியவர்களுக்குத் தெரியும், அங்கே நீளமான இறக்கம் கிடையாது, ஏறு, இறங்கு, மறுபடி ஏறு, நடுவில் வேருக்கு மேல் வேர். தீபாவளிக்கு மனைவியின் ஊரான பினாங்குக்குப் போகும்போது சைக்கிளையும் காடியில் (காரில்) ஏற்றிக்கொண்டு போவேன். அங்கே இறக்கம் வேறு மாதிரி.

பார்த்து வைத்திருப்பவை: ராக்ஷாக்ஸ் சிட்லக்ஸ், ஃபாக்ஸ் ஃப்ளோட் எஸ்எல், டிடி ஸ்விஸ் ஆர் 232. பழையதில் ஃபாக்ஸ் ஃப்ளோட் டிபிஎஸ் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது, விலை நன்றாக இருக்கிறது. பட்ஜெட் 1,500 வெள்ளி (ரிங்கிட்), நல்ல பொருள் என்றால் கொஞ்சம் இழுக்கலாம்.

இந்த எடையில் ஒரு ஷாக் என் உடம்புக்கும் இந்தப் பாதைகளுக்கும் தாங்குமா? தாங்கும் என்றால் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?


கிரீஸ்_கை (பெட்டாலிங் ஜெயா)

தம்பி, பிராண்டை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்த 190×45ஐக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். 190 என்பது ஒரு கண்ணின் நடுவிலிருந்து மறு கண்ணின் நடு வரை, 45 என்பது ஷாக் உள்ளே போகும் தூரம், அதாவது ஸ்ட்ரோக். மெட்ரிக் அளவு 2016 வாக்கில்தான் வந்தது. அதற்கு முன்னால் இன்ச் கணக்கில் 7.5×2.0 என்று ஓர் அளவு இருந்தது, மி.மீ. கணக்கில் பார்த்தால் அதுவும் 190தான், ஆனால் ஸ்ட்ரோக் 51. பழைய சாமான் விளம்பரங்களில் வெறும் "190 ஷாக்" என்று போட்டு இதைத்தான் தள்ளிவிடுகிறார்கள். போல்ட் போட்டால் கச்சிதமாக உட்காரும், ஓட்டிப் பார்க்கும்வரை எதுவும் தெரியாது. உங்கள் சட்டத்தில் 120ஐ 45ஆல் வகுத்தால் 2.67, அதுதான் சராசரி லிவரேஜ் விகிதம், அதாவது ஷாக் 1 மி.மீ. உள்ளே போனால் சக்கரம் எத்தனை மி.மீ. ஏறும் என்பது. ஸ்ட்ரோக் 6 மி.மீ. கூடினால் சக்கரம் 16 மி.மீ. கூடுதலாக மேலே ஏறும். ஒரு பெரிய பள்ளத்தில் விழுந்தால் டயர் சீட் டியூபில் உரசும், இல்லையென்றால் லிங்க் சட்டத்தில் இடிக்கும். ஒரு கடையில் இப்படி வாங்கிப் போட்டு, சீட் டியூபில் பெயிண்ட் தேய்ந்து வெள்ளி தெரிகிற நிலையில் என்னிடம் கொண்டுவந்த பையன் இருக்கிறான். சட்டம் விரிசல் விடாதது அவன் நல்ல நேரம்.

அதனால் புதிதோ பழையதோ, எந்த ஷாக்கைப் போட்டாலும் முதலில் காற்றை முழுக்க இறக்கிவிட்டுப் போல்ட்டைப் பூட்டி, சைக்கிளைக் கையால் கடைசி வரை அமுக்கிப் பாருங்கள். டயருக்கும் சீட் டியூபுக்கும் நடுவில் விரல் போக வேண்டும். காற்றை இறக்கும்போது மெதுவாக இறக்குங்கள், சட்டென்று விட்டால் ஷாக்கை உள்பக்கம் இழுக்கும் நெகட்டிவ் அறையில் காற்று தங்கி ஷாக் உள்ளேயே இழுத்துக்கொண்டு நின்றுவிடும்.

அடுத்து எடை. 490லிருந்து 270க்கு வந்தால் 220 கிராம் மிச்சம். நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 102 கிலோ என்று வைத்துக்கொண்டால் அது ஆயிரத்தில் இரண்டு பங்கு. ஒரு மணி நேரம் விடாமல் ஏறினால் எட்டு வினாடிகூட மிச்சமாகாது. ஷாக் சட்டத்தின் நடுவில் அசையாமல் இருக்கிற எடை, சக்கரத்தோடு சுற்றுவதும் இல்லை. அதே 220 கிராமை டயரில் குறைத்தால் ஒவ்வொரு முறை வேகம் எடுக்கும்போதும் காலுக்குத் தெரியும். ஆனால் கியாரா வேருக்கு மெல்லிய டயர் போடுங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன், அது வேறு பேச்சு.

லேசான ஷாக் வேண்டாம் என்று சொல்லவில்லை. 120 மி.மீ. சைக்கிளுக்கு இன்லைன் ஷாக் மிகவும் பொருத்தம், பல கம்பெனிகள் அப்படியேதான் கடைக்கு அனுப்புகின்றன. எடை ஒன்றை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்பதுதான் என் பேச்சு. 88 கிலோ பாரத்துக்கு டியூன்தான் முதல் விஷயம். வெளியே ஒரே மாதிரி இருக்கும் இரண்டு ஷாக்குகளின் உள்ளே கம்ப்ரெஷன் ஷிம் அடுக்கு (எண்ணெய் ஓட்டத்தைத் தடுக்கும் மெல்லிய தகடுகள்) வேறு வேறாக இருக்கும். பந்தய சைக்கிளிலிருந்து கழற்றியது என்றால் அந்தச் சைக்கிளின் விகிதத்துக்கும், அதை ஓட்டுவார் என்று கம்பெனி நினைத்த ஆளின் எடைக்கும் டியூன் செய்திருப்பார்கள். உங்களுக்கு அது ரீபவுண்டை (அமுங்கிய ஷாக் திரும்பி வரும் வேகம்) கடைசி வரை மூடினாலும் துள்ளிக்கொண்டே இருக்கலாம். ஃபாக்ஸில் நான்கு எழுத்துக் குறியீடு ஷாக் மேலேயே ஒட்டியிருக்கும், அவர்கள் தளத்தில் போட்டால் அளவு, டியூன் எல்லாம் வரும். ராக்ஷாக்ஸுக்குச் சீரியல் நம்பர் போதும். விற்பவரிடம் முதலில் அந்தப் படத்தைக் கேளுங்கள், தர மறுத்தால் அந்தப் பேச்சை அத்தோடு விடுங்கள்.


ஆயர்_ஈத்தாம்_அக்கா (பினாங்கு)

கிரீஸ்_கை அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. பினாங்குப் பக்கத்தை நான் சொல்கிறேன், ஏனென்றால் "பினாங்கு இறக்கத்துக்குப் பிக்கிபேக் கட்டாயம்" என்று யாராவது வந்து சொல்லப்போகிறார்கள்.

எந்த இறக்கம் என்று கேட்க வேண்டும் தம்பி. தாவரவியல் பூங்கா வாசலிலிருந்து கொடிமலைக்குப் போகும் ஜீப் ரோடு ஐந்து கிலோமீட்டர் சுமாருக்கு வரும், தார் போட்டது, சில வளைவில் முன் சக்கரம் தூக்கிக்கொள்ளும் அளவுக்குச் செங்குத்து. அதில் இறங்கும்போது கொதிப்பது பிரேக் ரோட்டர். ஷாக் பாட்டுக்குச் சும்மா உட்கார்ந்து வருகிறது. தார் ரோட்டுக்காக யாரும் பிக்கிபேக் போட வேண்டியதில்லை, நல்ல பேட் போட்டு, மாற்றி மாற்றிப் பிரேக் பிடிக்கத் தெரிந்தால் போதும்.

வேரும் கல்லும் படிக்கட்டு மாதிரி வரும் காட்டுப் பாதை என்றால் கதை மாறும். ஷாக்கின் டேம்பர் செய்கிற வேலை ஒன்றுதான்: எண்ணெயைச் சின்னத் துவாரம் வழியாகத் தள்ளி அசைவைச் சூடாக மாற்றுவது. லேசான இன்லைன் ஷாக்கில் எண்ணெய் கொஞ்சம்தான், உடம்பும் சின்னது, சூடு போக வழி குறைவு. பத்து நிமிடம் நிறுத்தாமல் அடி வாங்கினால் எண்ணெய் இளகி, மேலே ஓடும்போது சரியாக இருந்த ரீபவுண்ட் கீழே வரும்போது வேகமாகிவிடும், பின்சக்கரம் ஒவ்வொரு வேரிலும் உதைத்துத் தூக்கும். அதோடு காற்றும் சூடாகிறது. 200 பிஎஸ்ஐ வைத்துப் புறப்பட்டு ஷாக்கின் சூடு 30 டிகிரியிலிருந்து 60க்குப் போனால் அழுத்தம் 220ஐத் தாண்டும், அதாவது சேக் (ஆள் உட்கார்ந்ததும் ஷாக் அமுங்கும் அளவு) குறைந்து சைக்கிள் முதுகைத் தூக்கிக்கொண்டு நிற்கும். இதைத்தான் ஓட்டுபவர்கள் "கீழே வரும்போது ஷாக் வேலை செய்யவில்லை" என்பார்கள்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். வழக்கமாக ஓட்டும் நீளமான இறக்கத்தின் அடியில் நின்றதும் கையுறையைக் கழற்றி, ஷாக்கில் எண்ணெய் இருக்கும் பக்கத்தைத் தொடுங்கள். இளஞ்சூடு என்றால் இன்லைன் தாராளமாகப் போதும். கை வைக்க முடியாத சூடு என்றால் குடுவை உள்ள ஷாக் உங்களுக்கு வேலை செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். கியாராவில் எனக்கு ஒருநாளும் இளஞ்சூட்டைத் தாண்டியதில்லை, இங்கே பாலேக் பூலாவ் பக்கம் காட்டில் இறங்கும்போது தாண்டியிருக்கிறது.

இன்னொன்று. உங்களிடம் இருக்கும் 490 கிராம் ஷாக்கை விற்காதீர்கள். அளவு ஒன்றுதான், இரண்டு போல்ட்டில் மாறிவிடும். கோலாலம்பூரில் லேசானதைப் போட்டு ஓட்டுங்கள், தீபாவளிக்கு வரும்போது பெரியதை மாட்டிக்கொண்டு வாருங்கள். பழைய பிக்கிபேக்கை விற்றால் வருகிற காசு பெரிதாக ஒன்றும் இருக்காது.


லேசான_கால் (ஷா ஆலம்)

கிராமுக்கு மதிப்பே இல்லை என்பதுபோல் பேசுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் அண்ணே. ஷாக்கில் 220, சீட் போஸ்ட்டில் 100, கேசட்டில் 100 என்று குறைத்துக்கொண்டு வந்தால்தான் ஒரு கிலோ சேரும், ஒரு கிலோ குறைந்த சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு சேற்றுப் படியில் ஏறினவனுக்கு அது என்னவென்று தெரியும். எங்காவது ஆரம்பிக்கத்தானே வேண்டும்.

அதைவிட, லேசான கிராஸ் கன்ட்ரி ஷாக்கில், ஏறும்போது ஷாக் அசையாமல் நிறுத்தும் பூட்டு நன்றாக இருக்கும். சிட்லக்ஸோ ஆர் 232வோ ஹேண்டில்பாரிலிருந்து ரிமோட்டில் பூட்டும் மாதிரியில் கிடைக்கிறது. கியாராவில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஏற்றம், இறக்கம் மாறும். ஒவ்வொரு தடவையும் குனிந்து சட்டத்துக்குள் கைவிட்டு லிவரைத் திருப்ப யாருக்குப் பொறுமை இருக்கும்? கை எட்டாததால் பாதிப் பேர் திறந்தே வைத்து ஓட்டுகிறார்கள், அப்புறம் சைக்கிள் ஆடுகிறது என்று புகார். கட்டைவிரலில் பூட்டு இருந்தால் பயன்படுத்துவீர்கள். என் கணக்கில் அந்த 220 கிராமைவிட இது பெரிய லாபம். சின்னச் சட்டம் என்றால் குடுவை போன இடத்தில் பெரிய தண்ணீர் பாட்டிலும் உட்காரும், நம் ஊர் வெயிலுக்கு அதுவும் சேர்த்தி.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். இந்த வகை ஷாக்குகளில் ஏர் கேன் சின்னது. கனமான ஆளுக்கு அழுத்தம் அதிகம் வைக்க வேண்டிவரும், கேனில் அச்சடித்திருக்கும் உச்ச அழுத்தத்துக்கு அருகில் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2.67 விகிதம் நடுத்தரம்தான், அதனால் உங்களுக்குப் பிரச்சினை வராது என்றே நினைக்கிறேன். மூன்றுக்கு மேல் விகிதம் உள்ள சட்டம் என்றால் நான் இவ்வளவு தைரியமாகச் சொல்ல மாட்டேன்.


செம்மண்_சக்கரம்

எல்லோருக்கும் நன்றி. அக்கா சொன்ன யோசனை எனக்குத் தோன்றவே இல்லை, பழையதை விற்றுத்தான் புதியது என்று ஒரே பிடிவாதமாக இருந்தேன்.

அந்தப் பழைய டிபிஎஸ் விற்பவரிடம் குறியீட்டுப் படம் கேட்டேன், உடனே அனுப்பினார். அளவு 190×45 சரியாக வருகிறது, டியூன் நடுத்தரம். நாளைக்கு நேரில் பார்க்கப் போகிறேன். என்னவெல்லாம் பார்க்க வேண்டும்? சர்வீஸ் எப்போது செய்தார் என்று அவருக்கே நினைவில்லை.


கிரீஸ்_கை

நினைவில்லை என்றால் செய்யவில்லை என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். ஃபாக்ஸ் சொல்வது 125 மணி நேர ஓட்டம் அல்லது வருடத்துக்கு ஒருமுறை, எது முந்தியோ அது. ராக்ஷாக்ஸ் ஏர் கேனுக்கு 50 மணி நேரம், டேம்பருக்கு 200. வாரத்துக்கு நான்கு மணி நேரம் ஓட்டினால் 50 மணி நேரம் மூன்று மாதத்தில் வந்துவிடும், இதை யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. ஏர் கேன் சர்வீஸ் நீங்களே வீட்டில் செய்யலாம், சீல் கிட், கிரீஸ், கொஞ்சம் எண்ணெய் போதும். டேம்பர் அப்படி இல்லை, டிபிஎஸ் உள்ளே நைட்ரஜன் அடைத்திருக்கிறது, அதற்குரிய கருவி உள்ள பட்டறைக்குத்தான் போக வேண்டும். அந்தச் செலவை விலையோடு கூட்டிப் பாருங்கள், பல நேரம் புதிய ஷாக்குக்குப் பக்கத்தில் போய் நிற்கும்.

நேரில் பார்க்கும்போது முதலில் தண்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். நகத்தைக் குறுக்கே ஓட்டுங்கள், கீறலில் நகம் மாட்டினால் அது சீலைத் தின்னும். சும்மா வெளிறிய தடம், நகம் வழுக்கிக்கொண்டு போகிறது என்றால் பரவாயில்லை. அப்புறம் சைக்கிளில் மாட்டியிருந்தால் மேலே உட்கார்ந்து மெதுவாக அமுக்கி விடுங்கள். உள்ளே களக், களக் என்று நீர் கலங்குவது மாதிரி சத்தம் வந்தால் டேம்பருக்குள் காற்று புகுந்திருக்கிறது. லிவரை ஃபர்ம்மில் (மூன்று நிலைகளில் இறுக்கமானது) வைத்து அமுக்குங்கள், மூன்று நிலைக்கும் வித்தியாசம் கைக்குத் தெரிய வேண்டும். திறந்ததும் மூடியதும் ஒரே மாதிரி இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். ரீபவுண்ட் குமிழைக் கடைசிவரை மூடித் திறந்து அதையும் பாருங்கள், நம் ஊர் ஈரத்தில் குமிழ்கள் துருப்பிடித்து இறுகிக் கிடப்பது சகஜம்.

கழுவும்போதும் ஒரு வார்த்தை. செம்மண் சேறு காய்ந்தால் சீல் உதட்டில் உப்புத்தாள் மாதிரி உட்கார்ந்துகொள்ளும். வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் தண்டைத் துடையுங்கள், அதுவே போதும். கார் கழுவும் கடையின் பிரஷர் துப்பாக்கியைச் சீலுக்கு நேராகப் பிடிக்காதீர்கள், அழுக்கை உள்ளே தள்ளுவதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது.


பால்மரத்தடி (டிடிடிஐ)

நடுவில் ஒரு சின்ன விஷயம். கியாரா வேர்களைப் பற்றி எல்லோரும் சொல்கிறீர்கள், அந்த மலை ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம், நம் ஆட்கள் பால் வெட்டிய இடம். இன்னும் பாதையோரம் பழைய பால்மரங்கள் நிற்கின்றன, அந்த வேர்தான் நிறைய இடத்தில் பாதையைக் குறுக்கே வெட்டுகிறது. மழைக்கு அப்புறம் பட்டை உரிந்த வேர் வழுக்கும், அதில் பின்சக்கரம் தரையை விடாமல் பிடிக்க வேண்டும் என்றால் முதல் சில மி.மீ. ஷாக் இலேசாக அசைய வேண்டும். அதனால் சேக் கம்மியாக, கல் மாதிரி வைக்காதீர்கள். 45 மி.மீ. ஸ்ட்ரோக்கில் 25லிருந்து 30 சதவீதம் என்றால் 11லிருந்து 13 மி.மீ., நான் 13 பக்கம்தான் வைப்பேன். அடிவரை போய் முட்டுகிறது என்றால் அழுத்தத்தை ஏற்றாமல் உள்ளே வால்யூம் ஸ்பேசர் (காற்றறையின் இடத்தைக் குறைக்கும் துண்டு) ஒன்று கூட்டுங்கள், முதல் பகுதி மென்மை அப்படியே இருக்கும், கடைசிப் பகுதி மட்டும் இறுகும்.


செம்மண்_சக்கரம்

பார்த்துவிட்டு வந்தேன். தண்டு சுத்தம், ஆனால் அண்ணே சொன்ன அந்தக் களக் சத்தம் தெளிவாகக் கேட்டது, ஃபர்ம் நிலையிலும் பாதி வரை போய்விட்டது. டேம்பர் சர்வீஸைக் கூட்டினால் லாபமே இல்லை, மரியாதையாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

புதிய சிட்லக்ஸ், ரிமோட் மாதிரி, இங்கேயே ஒரு கடையில் 190×45 இருக்கிறது, சீல் கிட்டும் கையிருப்பில் வைத்திருக்கிறார்கள், அதனால்தான் அதற்குச் சாய்ந்தேன். பிக்கிபேக்கைப் பினாங்குக்கு வைத்துக்கொள்கிறேன். கடைசியாக ஒன்று: பழைய ஷாக்கில் இருக்கும் புஷ்ஷைக் கழற்றிப் புதியதில் போடலாமா, இல்லை புதிதாக வாங்க வேண்டுமா?


கிரீஸ்_கை

நல்ல முடிவு. புதிதாக ஒரு செட் வாங்கிவிடுங்கள் தம்பி, அப்போதுதான் இரண்டு ஷாக்கும் புஷ்ஷோடு தயாராக இருக்கும், ஒவ்வொரு தீபாவளிக்கும் தட்டித் தட்டிக் கழற்றிக்கொண்டிருக்க வேண்டாம். கடைக்குப் போகும் முன் வெர்னியரால் இரண்டு அளவு எடுங்கள்: சட்டத்தில் ஷாக் உட்காரும் இடைவெளியின் அகலம், போல்ட்டின் விட்டம். மேல் முனையும் கீழ் முனையும் வேறு வேறு அகலமாக இருக்கலாம், ஒன்றை அளந்து இரண்டுக்கும் வாங்கிவிடாதீர்கள். போல்ட்டை இறுக்கும் அளவு உங்கள் சட்டத்தின் கையேட்டில் நியூட்டன் மீட்டரில் போட்டிருக்கும், டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் என் பட்டறைக்கு வாருங்கள். நூலில் நீல லாக்டைட் ஒரு துளி.

காற்று அடிக்கும்போது 190 பிஎஸ்ஐயில் ஆரம்பியுங்கள். 88 கிலோவைப் பவுண்டில் போட்டால் அதற்குப் பக்கத்தில்தான் வரும், ஆரம்பத்துக்கு அது போதும். ஒவ்வொரு 50 பிஎஸ்ஐக்கும் நிறுத்தி, மெதுவாகச் சில தடவை அமுக்கிவிட்டு மறுபடி அடியுங்கள், நெகட்டிவ் அறையும் நிரம்ப வேண்டும். அப்புறம் பையை மாட்டி, ஷூ போட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, தண்டில் இருக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 13 மி.மீ. வரும் வரைக்கும் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.